ஸ்கேனரா, என்லார்ஜரா? வேலூர் வெயிலில் கருப்பு வெள்ளைப் பிரிண்ட்

ஃபிலிம் திரும்ப வந்துவிட்டது என்று சொல்கிறார்கள், உண்மைதான். 2018இல் கோடாக் எக்டாக்ரோம் ஃபிலிமை மறுபடி கொண்டுவந்தது, 2023 கடைசியில் ஹார்மன் நிறுவனம் ஃபீனிக்ஸ் என்று புதிதாக ஒரு கலர் ஃபிலிமே போட்டது, 2024இல் பென்டாக்ஸ் புத்தம்புது ஃபிலிம் கேமரா ஒன்றை விற்பனைக்கு விட்டது. ஆனால் ஃபிலிம் வந்த வேகத்தில் பிரிண்ட் வரவில்லை. காட்பாடிப் பக்கம் ரோல் போட்டுப் படமெடுக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். சென்னைக்கோ பெங்களூருக்கோ கூரியரில் ரோலை அனுப்புகிறார்கள், போனுக்கு ஸ்கேன் வந்து சேர்கிறது, நெகட்டிவைத் திருப்பிக் கேட்காதவர்களும் உண்டு. தயவுசெய்து கேட்டு வாங்குங்கள். படம் என்று உங்கள் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

சரி, நெகட்டிவ் கையில் இருக்கிறது, கருப்பு வெள்ளை, அதைக் காகிதத்தில் பார்க்க வேண்டும். இரண்டு வழி. ஸ்கேன் செய்து வீட்டு இங்க்ஜெட்டில் போடலாம், இல்லையென்றால் நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் என்லார்ஜரும் ரசாயன டிரேயும் வைத்து, வெளிச்சம் புகாத டார்க் ரூமில் போடலாம். நான் இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு இரண்டாவதில் நின்றுவிட்டேன், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேகம், இடம், நாலு பேருக்கு அனுப்புவது, இதிலெல்லாம் ஸ்கேன்தான் ஜெயிக்கும், பேச்சே இல்லை. அழகிலும் பெரிய வித்தியாசம் இருப்பதாக நான் சொல்லமாட்டேன். நல்ல பிக்மென்ட் இங்கில், நல்ல பேப்பரில் போட்ட பிரிண்டைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிட்டால் எது எது என்று சொல்வது கஷ்டம். ஸ்கேனர் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: தூசியையும் கீறலையும் தானாக நீக்கும் அகச்சிவப்பு வசதி, வெள்ளி உள்ள வழக்கமான கருப்பு வெள்ளை ஃபிலிமில் வேலை செய்யாது. வெள்ளியே அந்த ஒளியை மறைத்துவிடும். ஒவ்வொரு புள்ளியாக நீங்கள்தான் உட்கார்ந்து அழிக்க வேண்டும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு விஷயம். சும்மா கிடக்கும்போது எது கெடும், எது கெடாது?

நம்மில் யார் வாராவாரம் பிரிண்ட் போடுகிறோம்? வேலை, கல்யாணம், ஆஸ்பத்திரி என்று மாதக்கணக்கில் கை வைக்கமாட்டோம், பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று ஆசை வரும். இங்க்ஜெட் பிரிண்டருக்கு இந்த வாழ்க்கை ஒத்துவராது. அதன் ஹெட்டில் உள்ள துவாரங்கள் முடியைவிட நுண்ணியவை, மை காய்ந்தால் அடைத்துக்கொள்ளும், அதுவும் மார்ச் முதல் ஜூன் வரை இங்கே அடிக்கும் காய்ந்த சூட்டில் சொல்லவே வேண்டாம். என்னிடம் இருந்த பிரிண்டரில் துவாரங்கள் அடைத்திருக்கிறதா என்று பார்க்கும் நாசில் செக் போட்டால் கோடுகள் நடுநடுவே விட்டுவிட்டு வரும், கிளீனிங் ஓட்டினால் அடைத்த நிறத்தோடு அடைக்காத நிறங்களும் சேர்ந்து உறிஞ்சப்பட்டு உள்ளே இருக்கும் பஞ்சுக்குப் போகும், அந்தப் பஞ்சு நிறைந்துவிட்டால் மெஷினே நின்றுகொண்டு சர்வீஸுக்குக் கொண்டுபோ என்னும். ஒரு பிரிண்ட் போடும் முன்பே ஒரு பிரிண்டுக்கான மை போய்விடும். ஸ்கேனரின் தொல்லை வேறு வகை. நிக்கான் கூல்ஸ்கேன் போன்ற அருமையான ஃபிலிம் ஸ்கேனர்கள் உற்பத்தி நின்றதோடு அவற்றின் மென்பொருளும் நின்றது, இன்று அதை ஓட்டப் பழைய கம்ப்யூட்டரைத் தேட வேண்டும் அல்லது வேறு யாராவது எழுதிய மென்பொருளைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

என்லார்ஜரில் என்ன இருக்கிறது? ஒரு பல்பு, ஒரு லென்ஸ், ஒரு கம்பம். பரணிலிருந்து இறக்கிய பித்தளை அண்டா மாதிரி, துடைத்தால் வேலைக்குத் தயார். பேப்பரைப் பிரிட்ஜில் வைத்தால் வருஷக்கணக்கில் நிற்கும், படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனமான டெவலப்பர், பிரிக்காத பவுடராக இருக்கும்வரை எளிதில் கெடாது. கலந்து வைத்தது கெட்டுப்போகத்தான் செய்யும், ஆனால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்துகொள்ளலாம். பார்க்க வேண்டியது லென்ஸில் பூஞ்சை மட்டும்தான். மழைக்காலத்தில் சிலிகா ஜெல்லோடு டப்பாவில் போட்டு மூடுங்கள்.

டார்க் ரூமுக்கு நம் ஊரில் எதிரி சூடு. கருப்பு வெள்ளைக்கான கணக்கெல்லாம் 20 டிகிரியை வைத்து எழுதப்பட்டது, கத்திரியில் மொட்டை மாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீரில் கைகூட வைக்க முடியாது. ஃபிலிம் கழுவும்போது, அதாவது டெவலப் செய்யும்போது, இதில் அலட்சியம் கூடாது. எச்பி5 பிளஸ் ஃபிலிமுக்கு ஐடி-11 டெவலப்பரை ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் சேர்த்தால் 20 டிகிரியில் 13 நிமிடம், 24 டிகிரியில் ஏறக்குறைய 9 நிமிடம். தண்ணீர் சேர்க்காமல் போட்டால் நேரம் இன்னும் சுருங்கி ஐந்து நிமிடத்தை நெருங்கிவிடும், அங்கே திட்டுத்திட்டாக வரும் அபாயம் உண்டு, அதனால்தான் வெயில் காலத்தில் நீர்க்கக் கலப்பது. முதல் நாளே வாட்டர் பாட்டில்களைப் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, பெரிய டப்பில் அவற்றைப் போட்டு நடுவில் டெவலப்பரை வைத்தால் இறங்கிவிடும். பிரிண்ட் அவ்வளவு கறார் இல்லை, இரண்டு மூன்று டிகிரி கூடினால் படம் கொஞ்சம் சீக்கிரம் வரும், அவ்வளவுதான். ஆனால் மூடிய பாத்ரூமில் நெற்றி வியர்வை பேப்பரில் சொட்டும், அதற்காகவே நான் விடியற்காலையில் போடுகிறேன்.

தண்ணீர் விஷயத்தில் பேப்பரைப் பார்த்து எடுங்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்சி பேப்பருக்கு இரண்டு நிமிட ஓடும் தண்ணீர் போதும், அந்தப் பூச்சு இல்லாத ஃபைபர் பேப்பரைப் பழைய முறையில் கழுவினால் ஒரு மணி நேரம், நம் ஊரில் அதற்கு மனசு வராது. டெவலப்பர் கலக்கக் கேன் தண்ணீர், கழுவ போர் தண்ணீர், ஃபிலிமுக்குக் கடைசி முக்கல் மறுபடி கேன் தண்ணீரில். அதை விட்டால் உப்புப் படிந்து நெகட்டிவில் வெள்ளை வட்டங்கள் நிற்கும்.

அப்புறம் ஹைப்போ, அதாவது டெவலப் ஆன படத்தை நிலைக்க வைக்கும் ரசாயனம். ஃபிலிம் கழுவினாலே வெள்ளி கரைந்த ஹைப்போ மிஞ்சும், பிரிண்டும் போட்டால் இன்னும் அதிகம். இதைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்று பார்த்த மாவட்டம் இது, 1996இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வாங்கியதும் வேலூர்க்காரர்கள்தான். பயன்படுத்திய ஹைப்போவைக் கேனில் சேர்த்து, ஸ்டீல் கம்பளியைப் போட்டு வைத்தால் இரும்பு கரைந்து வெள்ளி அடியில் கருப்பாகப் படியும். வீட்டளவில் இது முழுதாக இறங்குகிறதா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, அதனால் மிச்சத் தண்ணீரையும் கேனிலேயே வைத்திருக்கிறேன். ஸ்கேன் பக்கத்துக்கு இந்த இடத்தில் நிச்சயம் ஒரு மதிப்பெண் கூட.

எதிர்காலம் என்று கேட்டால் என் கவலை ஃபிலிமைவிடப் பேப்பரைப் பற்றித்தான். கோடாக் 2005இலேயே கருப்பு வெள்ளைப் பேப்பரை விட்டுவிட்டது. இங்கிலாந்தில் இல்ஃபோர்ட் 2004இல் நொடித்துப்போய், அங்கே வேலை செய்தவர்களே எடுத்து நடத்தியதால் பிழைத்தது. செக் நாட்டில் ஃபோமா இருக்கிறது. ஊட்டியில் 1960இல் அரசு ஆரம்பித்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நமக்கென்று இருந்தது, அதுவும் மூடிவிட்டது. பேப்பர் இறக்குமதிதான், விலை ஏறத்தான் செய்யும். யாரும் வாங்காவிட்டால் அவர்களும் நிறுத்துவார்கள், அதனால் மாதம் பத்து ஷீட்டாவது போடும் ஆட்கள் ஊருக்கு நாலு பேர் வேண்டும்.

கலர் என்றால் ஸ்கேன் பக்கமே போங்கள். கலர் பேப்பரை நான் கையால் போட்டதில்லை, அதில் தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கலர் நெகட்டிவ் கழுவ 38 டிகிரி வேண்டும் என்பதால் நம் மே மாதம் அதற்குத் தோதாக இருக்கும் என்பது மட்டும் தெரியும்.

குடியாத்தம், ஆற்காடு, வாலாஜா பக்கம் பழைய ஸ்டூடியோக்களில் என்லார்ஜர்கள் இன்னும் மூலையில் நிற்கின்றன, காயலான் கடைக்குப் போகும் முன் போய்க் கேளுங்கள். நெகட்டிவைப் பிடித்து வைக்கும் கேரியர் உங்கள் ஃபிலிம் அளவுக்கு இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள், அது தனியாகக் கிடைப்பது குதிரைக்கொம்பு. அடுத்து லென்ஸைக் கழற்றி, பூஞ்சை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கம்பம் ஆடினால் வேண்டாம். துரு, பெயிண்ட் உரிந்தது, ஒயர் பழசு, இதெல்லாம் பரவாயில்லை, ஆனால் பழைய ஒயரை மாற்றிவிட்டே பயன்படுத்துங்கள், ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதீர்கள்.