தமிழ்மொழி மூல உளவியல் வகுப்பில் ஜமோவியும் சைக்கோபையும்: என் அனுபவம்

கொழும்பில் தமிழ்மொழி மூலம் உளவியல் டிப்ளோமா படிப்பவர்களில் பலர் வேலைக்குப் போகிறவர்கள். ஆசிரியர்கள், தாதியர், தொண்டு நிறுவனங்களில் இருப்பவர்கள். வார இறுதியில் வெள்ளவத்தைக்கு வந்து படித்துவிட்டு, மிச்ச வேலையை வீட்டில்தான் பார்க்க வேண்டும். அவர்களுக்குக் கற்பிக்கப் பல வருடமாக நான் பாவிக்கும் மென்பொருள்களைப் பற்றி எழுதுகிறேன்.

புள்ளிவிபரத்துக்கு ஜமோவி. 2017இல் வந்தது, இலவசம். எஸ்பிஎஸ்எஸ் நல்ல மென்பொருள்தான். ஆனால் மாணவர் அதன் உரிமத்தைச் சொந்தக் காசில் வாங்குவது நடக்கிற காரியமில்லை. ஜமோவியில் தரவை மாற்றினால் விடையும் உடனே மாறும். வகுப்பிலேயே மூத்தவரின் வயதை 52இலிருந்து 520 ஆக்கிக் காட்டுவேன். இடை (சராசரி) எகிறும், இடையம் (வரிசையின் நடுப்பெறுமதி) அசையாது. அதற்குப் பிறகு விளக்கம் எதற்கு? இணையமும் தேவையில்லை. 2022 மார்ச் இறுதியில் 13 மணிநேர மின்வெட்டு வந்தபோதும் பற்றரி இருக்கும்வரை வேலை நடந்தது.

ஆனால் வகுப்பின் முகத்தையே மாற்றியது சைக்கோபை. நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜொனதன் பியர்ஸ் தொடங்கியது, இதுவும் இலவசம். நிரல் எழுதத் தெரியாதவரும் படத்தையும் சொல்லையும் வரிசைப்படுத்தி ஒரு பரிசோதனையை உருவாக்கிவிடலாம். நாங்கள் செய்வது 1935இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்ட்ரூப் வெளியிட்ட சோதனை: ‘சிவப்பு’ என்ற சொல் பச்சை நிறத்தில் தெரியும், சொல்லை விட்டுவிட்டு நிறத்துக்குரிய விசையை அழுத்த வேண்டும். சொல் குறுக்கே நிற்பதால் கை தயங்கும். அந்தத் தயக்கத்தை மென்பொருள் மில்லிசெக்கனில் பதிந்து தருகிறது.

எங்கள் ஊருக்கு ஏற்றபடி தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மூன்று தொகுதியாக நடத்துகிறோம். ஒரு மாணவிக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. புறக்கோட்டைக் கடையில் நாள் முழுக்க அதில்தான் வியாபாரம். ஆனால் சிங்களச் சொற்களில் அவருக்குத் தயக்கமே பதிவாகவில்லை. “சேர், கதைப்பேன், வாசிக்கத்தான் தெரியாது” என்றார். குறுக்கே நிற்பது மொழி அறிவு அல்ல, தன்னிச்சையாக ஓடும் வாசிப்பு என்பதை அந்த ஒரு வரைபடத்திலேயே வகுப்பு பிடித்துக்கொண்டது. மலிவான விசைப்பலகை கொஞ்சம் தாமதித்தாலும், சொல்லும் நிறமும் பொருந்தாதபோது ஒருவர் எடுத்த நேரத்திலிருந்து, பொருந்தும்போது அவரே எடுத்த நேரத்தைக் கழித்துப் பார்க்கும்போது அந்தத் தாமதம் பெரும்பாலும் அடிபட்டுப்போகும். தமிழ்ச் சொற்களை மட்டும் படமாக்கிச் செருகுங்கள். எந்தக் கணினியிலும் உடையாமல் தெரியும்.

எழுத்து என்றதும் பாமினி ஞாபகம் வருகிறது. பழைய வினாக்கொத்துகள் பலவும் அந்த எழுத்துருவில்தான் கிடக்கின்றன. கூகிள் படிவத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு வரி வரியாக வாசித்தே ஆக வேண்டும்.

இணையப் படிவத்தில் எனக்கு உண்மையான கவலை வேறு. மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9இல் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணமோ தன்னைக் காயப்படுத்தும் எண்ணமோ வந்ததா என்பது. நேரில் என்றால் எதிரே இருப்பவரின் முகம் தெரியும், கதைக்கலாம். படிவத்தில் யாரோ ஒருவர் நடுச்சாமத்தில் ‘ஏறக்குறைய தினமும்’ என்று தெரிவுசெய்து அனுப்புகிறார். பெயரில்லை, தேட வழியில்லை. அதனால் மாணவர்களின் இணைய ஆய்வுகளுக்கு அந்தக் கேள்வி இல்லாத பிஎச்கியூ-8ஐ மட்டுமே அனுமதிக்கிறேன். படிவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் தேசிய மனநல உதவி இலக்கம் 1926 இருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைக் கூடுதல் பாதுகாப்பு வேண்டிய விசேட வகையில் சேர்த்திருக்கிறது. அதனால் மின்னஞ்சல் சேகரிக்கும் தெரிவை அணைத்துவிட்டுத்தான் இணைப்பைப் பகிர வேண்டும்.

நேர்காணல் ஒலிப்பதிவைத் தானாக எழுத்தாக்கும் சேவைகளையும் பார்த்தேன். மட்டக்களப்புப் பேச்சிலும் மலையகப் பேச்சிலும் தடுமாறுகின்றன. அதைவிட, ஒருவர் நம்பிச் சொன்ன துயரம் முன்பின் தெரியாத சேவையகத்துக்குப் போகிறது. அந்த வேலையை மட்டும் மாணவர்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கையாலேயே செய்கிறார்கள். நேரம் நிறையப் போகிறது, ஆனாலும் இதை மாற்றுவதாக இல்லை.