குவில்ட் தைப்பவருக்குப் பரிசு: ஒரு வருஷம் கழித்தும் கையில் இருப்பவை

குவில்ட் (துண்டுத் துணிகளை இணைத்து, நடுவில் பஞ்சு விரிப்பு வைத்துத் தைக்கும் போர்வை) தைப்பவருக்குப் பரிசு என்றதும் முதலில் தோன்றுவது துணி. ஆனால் வருஷக் கணக்கில் புழங்கிய ஒரு தையல் அறையைத் திறந்து பார்த்தால், மடிப்புக் கலையாமல் கிடப்பதும் பரிசாக வந்த துணிதான். தேய்ந்து, தீர்ந்து, மறுபடி வாங்கவேண்டி வந்தவை வேறு: பிளேடு, ஊசி, நூல், நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு. கிறிஸ்துமஸும் பொங்கலும் மூன்று வார இடைவெளியில் வரும் வேலூரில், லாங் பஜார் பக்கம் கிளம்புமுன் இதை யோசித்துவிட்டுப் போவது நல்லது.

ரோட்டரி கட்டரிலிருந்து தொடங்கலாம். வட்டப் பிளேடை உருட்டித் துணி வெட்டும் கருவி, 1979-இல் ஜப்பானின் ஓல்ஃபா கம்பெனி கொண்டுவந்தது. 28, 45, 60 மி.மீ. குறுக்களவுப் பிளேடுகளோடு கிடைக்கும். பொது வேலைக்கு 45 போதும். பருத்தித் துணியை நான்கு முதல் ஆறு மடிப்பு வரை சுத்தமாக வெட்டும். ஏற்கெனவே கட்டர் வைத்திருப்பவருக்கு இன்னொன்று தேவையில்லை, பத்துப் பிளேடு உள்ள பாக்கெட் கொடுங்கள். யாரும் தனக்கென்று தாராளமாக வாங்கிக்கொள்ளாத பொருள் அது. மழுங்கிய பிளேடை அழுத்தி அழுத்தி ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். அந்த அழுத்தத்தில்தான் ஸ்கேல் நழுவி விரல் வெட்டுப்படுகிறது. வெட்டிய ஓரத்தில் சுமார் 14 செ.மீ.க்கு ஒரு இடம் நூல் அறுபடாமல் நின்றால், குண்டூசி மேல் ஏறி பிளேடில் ஓரிடத்தில் பல் விழுந்துவிட்டது என்று பொருள். 45 மி.மீ. பிளேடின் சுற்றளவு அவ்வளவுதான், ஒரு சுற்றுக்கு ஒரு முறை அந்தப் பல் துணியைத் தொடுகிறது. புதுப் பிளேடும் வெட்டவில்லை என்றால் பின்பக்கத் திருகைப் பாருங்கள். அதிகமாக இறுக்கினால் பிளேடு உருளாமல் ஒரே இடத்தில் இழுபட்டுத் தேயும்.

கட்டருக்குக் கீழே போடும் கட்டிங் மேட் நம் ஊர் வெயிலுக்கு ஆகாத பொருள். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், மொட்டை மாடி அறையில் சுவரில் சாய்த்து வைத்த மேட் கொஞ்ச நாளில் வளைந்துவிடும். மூடிய காருக்குள் விட்டால் ஒரே மதியம் போதும். அதன்மேல் இஸ்திரி போட்டால் அலை அலையாக எழும்பும். வெதுவெதுப்பாக்கி, சமதரையில் பாரம் ஏற்றி வைத்தால் ஓரளவு நிமிரும், பழைய நிலைக்கு வராது. கட்டில் மெத்தைக்கு அடியில் படுக்கவைப்பதுதான் சரியான இடம். 24-க்கு 36 அங்குல மேட் வேலைக்கு வசதி. ஆனால் அதைச் சுருட்டி அனுப்பும் கூரியரிலோ, சுருட்டிப் பரிசுக் காகிதம் சுற்றியோ கொடுப்பதாக இருந்தால் வேண்டாம். தட்டையாகவே கையில் கொண்டுபோகக்கூடிய 18-க்கு 24 அங்குல மேட்டே நல்லது.

ஸ்கேல் 3 மி.மீ. கனமுள்ள அக்ரிலிக்காக இருக்கவேண்டும். 6-க்கு 24 அங்குலம், 45, 60 டிகிரிக் கோடுகளோடு. பள்ளிக்கூடப் பிளாஸ்டிக் ஸ்கேலின் விளிம்பை பிளேடு சீவிவிடும், மேலே ஏறி விரலுக்கும் வரும். இரண்டாவது ஸ்கேல் கொடுப்பதானால் அவரிடம் இருக்கும் அதே கம்பெனியில் வாங்குங்கள். கோட்டின் தடிமன் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரு போர்வைக்கு இரண்டு ஸ்கேல் கலந்தால் கணக்கு இடிக்கும்.

அந்தக் கணக்கு எவ்வளவு நுணுக்கமானது என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. குவில்ட்டில் தையல் விளிம்பு கால் அங்குலம். ஒரு தையலில் 1/16 அங்குலம் கூடினால் இரு பக்கத் துணியும் சேர்ந்து 1/8 குறையும். எட்டுத் தையல் உள்ள வரிசை ஒரு அங்குலம் குட்டையாகிவிடும். அதனால் கால் அங்குல ஃபுட் (ஊசிக்குப் பக்கத்தில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) ஒன்று விலைக்கு மீறிய பரிசு. வாங்குமுன் மெஷினைப் பார்த்தே ஆகவேண்டும். வீட்டில் மிதிக்கும் கறுப்பு மெஷின் பெரும்பாலும் லோ ஷாங்க், அதாவது ஃபுட் மாட்டும் தண்டு குட்டையானது. ஜாக், ஜூகி மாதிரி பவர் மெஷினுக்கு அந்த ஃபுட் பொருந்தாது. ஊசியும் அப்படித்தான்: வீட்டு மெஷினுக்கு ஒரு பக்கம் தட்டையான அடி, பவர் மெஷினுக்கு உருண்டை அடி. “அக்கா, உங்க மெஷின் ஊசி தட்டையா உருண்டையா?” என்று கேட்டால் பரிசு என்னவென்று அவருக்குத் தெரிந்துவிடும், ஃபுட்டையும் ஊசியையும் போனில் ஒரு படம் எடுத்துக் கடைக்காரரிடம் காட்டுவது மேல். ஜிக்ஜாக் மெஷின் வைத்திருப்பவருக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும்: அந்த ஃபுட்டோடு ஜிக்ஜாக் போட்டால் ஊசி ஃபுட்டில் மோதி உடையும்.

துணிதான் கொடுப்பேன் என்பவர்களுக்கு குடியாத்தம் கைத்தறி லுங்கியைச் சொல்லலாம். நூலிலேயே சாயம் ஏற்றி நெய்த கட்டம் என்பதால் உள்பக்கம் வெளிப்பக்கம் கிடையாது. முக்கோணத்தைத் திசைமாற்றி வெட்டிவிட்டால் திருப்பிப் போட்டுத் தைத்துவிடலாம், அச்சுத் துணியில் அது நடக்காது. இரண்டு தொல்லை உண்டு. கஞ்சி கனமாக இருக்கும், துவைக்காமல் தைத்தால் முதல் சலவையில் சுருங்கிப் போர்வை முழுக்கச் சுளிக்கும். கட்டங்களும் அச்சுப்போல நேராக ஓடுவதில்லை. ஸ்கேலை மட்டும் நம்பி வெட்டினால் கோடு சரிந்து நிற்கும், துணியின் கட்டக் கோட்டைப் பிடித்தே வெட்டவேண்டும். சிவப்பும் கருநீலமும் சாயம் விடுகிறதா என்று பார்க்க, ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணிமேல் வைத்து இஸ்திரி போடுங்கள். வெள்ளையில் கறை இறங்கினால் இன்னும் அலசவேண்டும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்பது பல வீடுகளில் உள்ள நம்பிக்கை. அதனால் சாயம் நிற்பதில்லை.

ஆரணிப் பட்டின் துண்டுகள் கண்ணுக்கு நன்றாக இருக்கும், ஓரம் பிரிந்தபடியே இருக்கும். பின்னால் ஒட்டும் கேன்வாஸ் வைக்கத் தெரிந்தவருக்கு மட்டும் கொடுங்கள். கட்பீஸ் வாங்கும்போது ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள்: காகிதம் எரிந்த வாசனையும் தூளான சாம்பலும் வந்தால் பருத்தி, உருகி உருண்டையாக இறுகினால் பாலியெஸ்டர் கலப்பு.

நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பில் கனத்தைப் பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம். 400 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 400 கிராம்) பாலியெஸ்டர் வீட்டு மெஷினின் ஃபுட்டுக்குள் நுழையவே திணறும், இந்த ஊர் இரவுக்கு அந்தச் சூடும் தாங்காது. 80 முதல் 100 போதும். அதைவிடப் பருத்தி ஃபிளானல் நல்லது. இலவம் பஞ்சு தலையணைக்கு உரியது, போர்வைக்குள் ஒரு மூலையில் போய்த் திரளும். 60-க்கு 90 அங்குலப் போர்வைக்கு விரிப்பு 68-க்கு 98 வேண்டும், நாற்புறமும் நான்கு அங்குலம் உபரி.

குறிக்கும் பேனாவில் தண்ணீரில் மறையும் நீலம் நல்லது, ஆனால் துவைக்குமுன் இஸ்திரி பட்டால் கோடு நிரந்தரம். சூட்டில் மறையும் பேனா கடும் குளிரில் திரும்பத் தெரியும். கனடாவில் இருக்கும் பேரப்பிள்ளைக்குப் போகும் போர்வையில் அது வேண்டாம். தோல் வேலைக்கான வெள்ளிப் பேனா பருத்தியைவிட்டுப் போகாது.

கையால் தைப்பவருக்கு ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் கிடைக்கும் மெல்லிய ஆட்டுத்தோல் துண்டில் விரலுறை தைத்துக் கொடுக்கலாம். உலோக உறையில் ஊசி வழுக்கும், தோலில் நிற்கும். நடுவிரலுக்கு அளவெடுத்து, கொஞ்சம் இறுக்கமாகவே தையுங்கள். புழங்கப் புழங்கத் தளரும்.

பிளேடு கொடுப்பவர்கள் மூடியுள்ள சிறு தகர டப்பா ஒன்றையும் கூடவே வையுங்கள், மூடியில் ஒரு கீறல் போட்டு. தேய்ந்த பிளேடும் உடைந்த ஊசியும் அதற்குள் விழட்டும். அப்படியே குப்பைப் பையில் போட்டால் குப்பை எடுக்க வருபவர் கையைக் கிழிக்கும்.