பூட்டு யார் கையில்? மலர்க் குழுக்களுக்கான கோப்புப் பகிர்வு வழிகள்: ஓர் ஒப்பீடு

பினாங்கில் ஆண்டு மலர் வெளியிடும் ஆலயக் குழுவாக இருந்தாலும், தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கமாக இருந்தாலும், அதன் உறுப்பினர்கள் இன்று ஒரே அறையில் அமர்ந்து வேலை செய்வது அரிது. கட்டுரைகளைத் திருத்துபவர் ஜார்ஜ்டவுனில் இருப்பார், படங்களைத் தொகுப்பவர் பட்டர்வொர்த்தில் இருப்பார், பக்க வடிவமைப்பாளர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருப்பார். இவர்களுக்கிடையே கோப்புகள் பெரும்பாலும் புலனத்தில்தான் (வாட்ஸ்அப்) போய் வருகின்றன. புலனத்தில் போவது எப்போதும் ஒரு நகல். நான்கு பேர் கையில் நான்கு நகல்கள் இருக்கும்போது, மூலம் எது என்ற கேள்விக்கு யாராலும் உறுதியாக விடை சொல்ல முடிவதில்லை.

பொதுவாக இத்தகைய ஒப்பீடுகள் இலவசமாக எத்தனை கிகாபைட் கிடைக்கும், பதிவேற்றம் எவ்வளவு வேகம் என்பவற்றிலிருந்தே தொடங்குகின்றன. கூட்டாக எழுதும் பணிக்கு அவை இரண்டாம் நிலைக் கேள்விகள் என்பது என் கருத்து. ஒருவர் ஒரு கோப்பைத் திருத்திக்கொண்டிருக்கும்போது மற்றொருவர் அதே கோப்பில் எழுதினால் என்ன நேர்கிறது, அது நேரும்போது இருவருக்கும் தெரியவருகிறதா என்பதே முதலில் கேட்க வேண்டியது. கீழே உள்ள வழிகளை அந்த அளவுகோலைக் கொண்டே பார்க்கிறேன்.

தொலைவிலுள்ள சேவையகத்தின் கோப்புகளை இணையம் வழியாகத் திருத்த உதவும் வெப்டாவ் நெறிமுறையிலிருந்து தொடங்குவது பொருத்தம், ஏனெனில் இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்கென்றே அது வகுக்கப்பட்டது. டிம் பெர்னர்ஸ்-லீ 1990இல் எழுதிய முதல் உலாவி பக்கங்களைப் படிப்பதோடு திருத்தவும் உதவியது. பின்னர் பரவிய உலாவிகள் படிப்பதோடு நின்றுவிட்டன. விடுபட்டுப்போன அந்த எழுதும் வசதியை இணையத்துக்கு மீட்டுத் தரும் நோக்கத்தோடு எழுந்த முயற்சி 1999 பிப்ரவரியில் ஆர்.எஃப்.சி. எனப்படும் இணைய நெறிமுறை ஆவண வரிசையில் 2518ஆம் எண்ணாக வெளிவந்து, 2007 ஜூனில் ஆர்.எஃப்.சி. 4918 ஆகத் திருத்தம் பெற்றது. இது, உலாவிக்கு இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் எச்.டி.டி.பி. நெறிமுறையின் நீட்சிதான். பக்கத்தைக் கேட்டுப் பெறும் கட்டளையோடு, கோப்புறையின் உள்ளடக்கத்தையும் பண்புகளையும் கேட்கும் ப்ராப்ஃபைண்ட், புதிய கோப்புறை உருவாக்கும் எம்கேகால், நகலெடுக்கும் காப்பி, இடம் மாற்றும் மூவ், பூட்டும் லாக், திறக்கும் அன்லாக் ஆகிய கட்டளைகளை அது சேர்த்தது.

இவற்றுள் லாக் கட்டளையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். திருத்துவதற்காகக் கோப்பைத் திறக்கும் செயலி லாக் கட்டளையை அனுப்பினால், சேவையகம் அந்தக் கோப்பைப் பூட்டி, அதற்கான தனி அடையாளக் குறி ஒன்றைத் திருப்பித் தருகிறது. அதன் பிறகு அந்தக் குறியைக் காட்டாமல் வரும் எந்த எழுதும் முயற்சிக்கும் 423 என்ற மறுப்பே விடையாகக் கிடைக்கும். படிப்பதற்குத் தடை இல்லை, ஆகவே திருத்துபவர் வேலை செய்யும்போது மற்றவர்கள் அதே பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். பூட்டுக்குக் காலவரம்பும் உண்டு. பூட்டியவரின் மடிக்கணினி இடையில் அணைந்துபோனாலும், காலவரம்பு கடந்தால் பூட்டு தானாக விலகும். பூட்டே பயன்படுத்தாத செயலிகளுக்கும் எச்.டி.டி.பி. ஒரு காப்பு வைத்திருக்கிறது: ஒவ்வொரு பதிப்புக்கும் சேவையகம் தரும் ஈடேக் என்ற முத்திரையைச் செயலி பதிவேற்றத்தின்போது சேர்த்து அனுப்பினால், இடையில் வேறொருவர் கோப்பை மாற்றியிருக்கும் நிலையில் 412 என்ற மறுப்பு வந்து, அவருடைய திருத்தம் அழியாமல் காக்கப்படுகிறது.

இதற்கு முன்பிருந்த எஃப்.டி.பி. என்ற கோப்புப் பரிமாற்ற நெறிமுறையில் இவற்றில் ஒன்றும் இல்லை. 1985இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 959இன்படி கடவுச்சொல் மறையாக்கம் இன்றி வெளிப்படையாகவே பயணிக்கிறது. கட்டளைக்கு ஒன்று, தரவுக்கு ஒன்று எனத் தனித்தனி இணைப்புகள் தேவைப்படுவதால் அலுவலக ரவுட்டர்களில் அடிக்கடி சிக்கிக்கொள்கிறது. ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் 2021இல் அதற்கான ஆதரவை நீக்கிவிட்டன. மறையாக்கத்தோடு கோப்பு அனுப்பும் எஸ்.எஃப்.டி.பி. பாதுகாப்பானது, நிலையானது, அச்சகத்துக்கு முடிந்த பி.டி.எஃப். கோப்பை அனுப்ப அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் நடைமுறையில் அங்கே பூட்டு கிடைப்பதில்லை, இருவர் ஒரே பெயரில் பதிவேற்றினால் கடைசியாக வந்ததே நிற்கும். விண்டோஸ் அலுவலகங்களில் கணினிகளுக்கிடையே கோப்புறைகளைப் பகிரப் பழகிய எஸ்.எம்.பி. முறையில் பூட்டு மிக நன்றாகவே வேலை செய்கிறது என்றாலும், அது ஒரே கட்டடத்துக்குள் இருக்க வேண்டியது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணயத்தொகை கேட்கும் தீநிரல் பரவியது எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகத்தான். எஸ்.எம்.பி. பயன்படுத்தும் 445ஆம் வாயிலை இணையத்துக்குத் திறந்து வைக்கச் சொல்லும் எந்த ஆலோசனையையும் ஏற்க வேண்டாம்.

ஆகவே உண்மையான போட்டி வெப்டாவ், எல்லாக் கணினிகளிலும் ஒரே கோப்புறையை ஒரே நிலையில் வைக்கும் ஒத்திசைவு உறை, உலாவியில் சேர்ந்தெழுதுதல் ஆகிய மூன்றுக்கும் இடையில்தான்.

டிராப்பாக்ஸ் போன்ற ஒத்திசைவுச் சேவைகள் பரவலாக விரும்பப்படுவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. கோப்பு உங்கள் கணினியிலேயே இருக்கிறது, இணையம் அறுந்தாலும் வேலை தொடர்கிறது. பெரிய கோப்பில் சிறு மாற்றம் செய்தால், டிராப்பாக்ஸ் அதை 4 மெகாபைட் வரையிலான துண்டுகளாகப் பிரித்து, மாறிய துண்டுகளை மட்டும் அனுப்புகிறது. உயர் தெளிவுப் படங்கள் நிரம்பிய மலர்க் கோப்புக்கு இது பெரிய உதவி. ஆனால் இருவர் ஒரே நேரத்தில் ஒரு கோப்பை மாற்றினால், அது யாரையும் தடுப்பதில்லை. முரண்பட்ட நகல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துவிட்டு அமைதியாக இருந்துவிடுகிறது. சாதாரண உரைக் கோப்பாக இருந்தால் இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்கலாம். பக்க வடிவமைப்புச் செயலியான இன்டிசைனின் பக்கக் கோப்பு இரண்டாகப் பிரிந்தால் ஒன்றாக்க வழியில்லை, ஒருவருடைய மாலை நேர உழைப்பு முழுவதும் மறுபடி செய்யப்பட வேண்டும். இன்டிசைன் தான் திறந்த கோப்பின் அருகிலேயே ஐ.டி.எல்.கே. என முடியும் சிறிய பூட்டுக் கோப்பை வைத்து மற்றவர்களை எச்சரிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பூட்டுக் கோப்பும் ஒத்திசைவு வழியாகவே அடுத்த கணினிக்குப் போய்ச் சேர வேண்டும். அது போய்ச் சேரும் இடைவெளியில் அடுத்தவர் கோப்பைத் திறந்துவிடலாம், இணையம் இல்லாத கணினிக்கு எச்சரிக்கை வரவே வராது.

கூகுள் டாக்ஸ் போன்ற உலாவி எழுதுகருவிகள் பூட்டு என்ற கருத்தையே தேவையற்றதாக்குகின்றன. ஒவ்வோர் எழுத்தும் தனித்தனி மாற்றமாகச் சேவையகத்துக்குப் போய், ஒருவருடைய மாற்றம் மற்றவருடைய மாற்றத்துக்கு ஏற்பத் திருத்திப் பொருத்தப்படுகிறது. ஆசிரியவுரையை ஐந்து பேர் ஒரே இரவில் திருத்த வேண்டுமென்றால் இதற்கு நிகரான வழி இல்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. பரிந்துரை முறையில் திருத்தினால் யார் எந்தச் சொல்லை மாற்றினார் என்பது தெரிகிறது; மூத்த எழுத்தாளர் ஒருவரின் வாக்கியத்தில் கை வைக்கும்போது அந்தத் தெளிவு மரியாதைக்குரிய ஒன்றாகவும் அமைகிறது. பழைய பதிப்புகளுக்குத் திரும்பும் வசதியும் உண்டு. குறை வேறிடத்தில் இருக்கிறது. அந்தக் கருவி அறிந்த ஆவண வகைகளுக்கு மட்டுமே இவை பொருந்தும். இன்டிசைன் கோப்பு அங்கே சேமித்து வைக்கப்படும் ஒரு பொதி மட்டுமே. இலவச 15 கிகாபைட் இடமும் மின்னஞ்சலோடும் படங்களோடும் பகிர்ந்துகொள்ளப்படுவது. இணைப்பு வைத்திருக்கும் எவரும் திருத்தலாம் என்ற அமைப்பை வசதிக்காகத் தேர்ந்துவிட்டு, அந்த இணைப்பைப் பெரிய புலனக் குழுவில் போட்டால், நன்கொடையாளர்களின் தொலைபேசி எண்கள் யார் கைக்கும் போகும். இந்த ஒரு பழக்கத்தைக் குழுக்கள் கைவிட வேண்டும் என்று மன்றாடிக் கேட்பேன்.

வெப்டாவின் பூட்டைப் புகழ்ந்த நான் அதன் குறைகளையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். கோப்பு மாறினால் முழுக் கோப்பும் மீண்டும் ஏற்றப்படுகிறது. 300 மெகாபைட் பக்கக் கோப்பை ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் 300 மெகாபைட்டும் போகும். நூற்றுக்கணக்கான படங்கள் உள்ள கோப்புறையைத் திறந்தால் அடுக்கடுக்கான கேள்வி பதில்களால் கணினி திணறும். விண்டோஸில் உள்ளிருக்கும் வெப்கிளையண்ட் சேவை இயல்பாக 5 கோடி பைட்டுக்கு, அதாவது சுமார் 47 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை இறக்க மறுக்கும். விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் மாற்றினால் ஏறத்தாழ 4 கிகாபைட் வரை உயர்த்தலாம். மேலும் அந்தச் சேவையைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 நவம்பரில் அறிவித்துவிட்டது. ஆகவே விண்டோஸ் பயனர்கள் சைபர்டக், வின்எஸ்.சி.பி. போன்ற தனிச் செயலிகள் வழியாகவோ, லிப்ரெஆஃபிஸ் என்ற இலவச அலுவலகச் செயலித் தொகுப்பின் தொலைக்கோப்பு வசதி வழியாகவோ இணைவதுதான் நிலைத்த வழி. மேக் கணினியின் கோப்பு உலாவியான ஃபைண்டர் நேரடியாக இணையும், ஆனால் சேவையகத்தில் பூட்டு வசதி இல்லையென்றால் படிக்க மட்டுமே விடும்.

இங்கேதான் பலர் அறியாத ஒரு நுட்பம் இருக்கிறது. வெப்டாவ் உண்டு என்று அறிவிக்கும் எல்லாச் சேவையகத்திலும் உண்மையான பூட்டு இருப்பதில்லை. அப்பாச்சி என்ற சேவையக மென்பொருளின் வெப்டாவ் கூறு பூட்டுகளுக்கெனத் தனிப் பதிவேடு வைத்து முறையாகப் பூட்டுகிறது. இன்னொரு சேவையக மென்பொருளான என்ஜின்எக்ஸின் உள்ளமைந்த கூறோ பதிவேற்றம், நீக்கம், நகல், இடமாற்றம், கோப்புறை உருவாக்கம் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது, ப்ராப்ஃபைண்டுக்கும் பூட்டுக்கும் பிறர் எழுதிய கூறு ஒன்றைச் சேர்க்க வேண்டும். 2016இல் ஓன்கிளவுடிலிருந்து பிரிந்து வளர்ந்த நெக்ஸ்ட்கிளவுட் என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளில், ஃபைண்டர் எழுதும் முறையில் இணைய வேண்டும் என்பதற்காக, எதையும் பூட்டாமலே பூட்டியதாக விடையளிக்கும் பகுதி ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. மெய்யான பூட்டு வேண்டுமென்றால் அதற்கான கோப்புப் பூட்டுச் செயலியைத் தனியே நிறுவ வேண்டும். இதை அறியாமல் பூட்டை நம்பியிருக்கும் குழு, பூட்டே இல்லாத குழுவைவிட ஆபத்தான நிலையில் இருக்கிறது, ஏனெனில் அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதை நிறுத்தியிருப்பார்கள்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் தமிழ்க் கோப்புப் பெயர்கள் கவனம் கேட்கின்றன. 'கோவில்' என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. மேக்கின் பழைய கோப்பு அமைப்பான எச்.எஃப்.எஸ். பிளஸ் பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது, விண்டோஸ் தட்டச்சில் பெரும்பாலும் சேர்ந்த வடிவமே வருகிறது. இதனால் ஒரே பெயருள்ள இரண்டு கோப்புகள் ஒரே கோப்புறையில் நிற்க நேரலாம். வெப்டாவ் முகவரியில் 'தமிழ்' என்ற ஒரு சொல்லே 45 குறிகளாக நீளும். லினக்ஸ் சேவையகங்களில் கோப்புப் பெயரின் எல்லை பொதுவாக 255 பைட், அதாவது 85 தமிழ்க் குறியீடுகள். விண்டோஸில் தடையின்றி அமைந்த நீண்ட பெயர் சேவையகத்தில் மறுக்கப்படலாம். பகிரும் கோப்புகளுக்குச் சுருக்கமான, எண்ணோடு கூடிய ஆங்கில எழுத்துப் பெயர்களையே வைத்து, தமிழ்த் தலைப்பைக் கோப்பின் உள்ளே எழுதுவது நல்லது. தாய்மொழியில் பெயர் வைக்க வேண்டும் என்ற விருப்பம் எனக்கும் உண்டு, ஆனால் அச்சுக்குப் போகும் வாரத்தில் அந்த இடரை ஏற்க மாட்டேன்.

இனி என் தேர்வு. கட்டுரைகள், ஆசிரியவுரை, வாழ்த்துரைகள் ஆகியவை உலாவி எழுதுகருவியில் பெயர் குறித்து அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் திறக்கப்பட வேண்டும். முழுமை பெற்ற உரையும் பக்கக் கோப்பும் மெய்யான பூட்டுள்ள வெப்டாவ் சேவையகத்துக்குப் போக வேண்டும். பக்கக் கோப்பை வடிவமைப்பாளர் காலையில் பூட்டி இறக்கி, தன் கணினியில் வேலை முடித்து, மாலையில் ஒரே முறை ஏற்றினால், முழுக் கோப்பும் போகும் குறை பெரிதாக உறுத்தாது. ஒத்திசைவு உறையில் மூலப் படங்களை வைக்கலாம், ஏனெனில் அவற்றை யாரும் திருத்துவதில்லை, சேர்க்க மட்டுமே செய்கிறார்கள். சங்கத்தில் சேவையகத்தைப் புதுப்பித்துப் பராமரிக்க ஒருவரும் இல்லையென்றால் வெப்டாவைத் தொட வேண்டாம். அந்நிலையில் பக்கக் கோப்பை வடிவமைப்பாளர் ஒருவர் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு பி.டி.எஃப். மட்டும் அனுப்பட்டும்.

சேவையகம் அமைத்துத் தருபவரிடம் வேலையை ஏற்கும் முன் ஒரு சோதனை கேளுங்கள். ஒரு கணினியில் லிப்ரெஆஃபிஸ் வழியாக ஒரு கோப்பைத் திருத்தத் திறந்து வையுங்கள். வேறு கணக்கில், வேறு கணினியிலிருந்து சைபர்டக் வழியாக அதே பெயரில் ஒரு கோப்பை ஏற்றுங்கள். 423 என்ற மறுப்பு வர வேண்டும். மறுப்பின்றி ஏறிவிட்டால், பூட்டுப் பதிவேடோ பூட்டுச் செயலியோ அமைக்கப்படும் வரை பக்கக் கோப்பை அங்கே வைக்காதீர்கள்.