மணிலாவில் சேவை செய்ய: ஜேசீஸா, கவாட் கலிங்காவா?

இரண்டாம் உலகப் போர் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவை நொறுக்கிப் போட்டிருந்த காலம். 1947-இல் அங்கே சில இளம் தொழில்துறையினர் தொடங்கியதுதான் மணிலா ஜேசீஸ். நம் ஊர்களிலும் கிளை உள்ள அதே ஜேசீஸ் இளைஞர் அமைப்புதான். 40 வயது வரைதான் உறுப்பினர், பதவி ஓராண்டுதான். அதனால் புதியவருக்குச் சீக்கிரமே பொறுப்பு கிடைக்கும். கூட்டம் நடத்த, நிதி திரட்டக் கற்றுக்கொள்ளலாம். சாதித்த இளைஞர் பத்துப் பேருக்கு 1959 முதல் ஜேசீஸ் தரும் விருதுக்கு நாடு முழுக்க மதிப்பு உண்டு. ஆனால் தலைமை மாறும்போது திட்டமும் மாறிவிடும் அபாயம் இருக்கிறது.

ஏழைகளுக்கு வீடு கட்டும் அமைப்பான கவாட் கலிங்காவின் கதை வேறு. 1995-இல், மணிலாவை ஒட்டிய கலோகான் நகரின் பாகோங் சிலாங் குடியிருப்பில், தெருக் கும்பல்களில் சிக்கிய பையன்களுக்கு டோனி மெலோட்டோ என்பவரும் ஒரு கத்தோலிக்கத் தம்பதியர் அமைப்பும் நடத்திய முகாமில் தொடங்கியது அது. பையன்கள் திருந்தினாலும் திரும்பிப் போவது அதே ஒழுகும் குடிசைக்குத்தானே? அப்புறம்தான் வீடு கட்டும் வேலை. வார இறுதியில் அலுவலக இளைஞர்களும் வீடு பெறப்போகும் குடும்பமும் ஒரே வரிசையில் நின்று சிமென்ட் வாளியைக் கைமாற்றுவார்கள். சுவர்களுக்குப் பளிச்சென்று வண்ணம் பூசுவார்கள். 2006-இல் மகசேசே விருது வந்தது. வீட்டோடு வேலையும் வேண்டும் என்பதால் பிறகு புலாக்கான் மாகாணத்தில் பண்ணையும் அமைத்தார்கள்.

தலைமைப் பயிற்சியும் தொடர்புகளும் வேண்டுமானால் ஜேசீஸ் சரி. என் ஓட்டு கவாட் கலிங்காவுக்கு. யாருக்காக உழைக்கிறோமோ அவர்களோடு சேர்ந்தே உழைக்க முடிகிறது.