ஜாக் இன்டர்ன்ஷிப்புக்கு கல்லூரியின் மாதிரி நேர்காணல் போதுமா?

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளின் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் மாதிரி நேர்காணல், ராணுவச் சட்டப் பிரிவான ஜாக்கின் கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்குப் பாதிக் கிணறுதான் தாண்ட வைக்கும்.

பயோடேட்டாவை வரிவரியாகக் குடைந்து கேட்பதில் இந்தச் சேவை கெட்டி. நீட்டி முழக்கும் பதில்கள் அங்கேயே பிடிபட்டுவிடும். ஏன் ஜாக் என்ற கேள்விக்கு "நாட்டுக்குச் சேவை" என்று பொதுவாகச் சொன்னால் எடுபடாது. ராணுவ நீதி, வீரர்களுக்கான சட்ட உதவி, போர்ச் சட்டம், ஒப்பந்தம் ஆகியவற்றில் எது, ஏன் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

இந்தச் சேவையின் குறை, ராணுவச் சட்டம் பற்றிய கேள்விகளில்தான். பயிற்சியாளர் பெரும்பாலும் தனியார் நிறுவன நேர்காணல்களுக்கே பழகியவர். உதாரணமாக, பேசாமல் இருக்க உரிமை உண்டு என்று போலீஸார் முன்கூட்டியே சொல்லும் மிராண்டா எச்சரிக்கை, காவலில் வைத்து விசாரிக்கும்போதுதான் தேவை. இதே போன்ற எச்சரிக்கையைக் கோரும் ராணுவ நீதிச் சட்டத்தின் 31-ஆவது பிரிவோ, காவலில் இல்லாத வீரரைச் சந்தேகத்தின் பேரில் மேலதிகாரி விசாரித்தாலே பொருந்தும். ஏனென்றால் பதவியே ஓர் அழுத்தம். இது பிடிபடாமல் போனால் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். "உங்கள் கட்சிக்காரர் தளபதியா, ராணுவமா?" என்பதையும் மாதிரி நேர்காணலில் கேட்க மாட்டார்கள். தளபதிக்கு ஆலோசனை சொல்லும் வழக்கறிஞருக்கு ராணுவம்தான் கட்சிக்காரர். சட்டத்துக்குப் புறம்பாகத் தளபதி ஒன்றைக் கேட்டால் மரியாதை குறையாமல் எப்படி மறுப்பீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

முன்பதிவு செய்யும்போதே முன்னாள் ஜாக் அதிகாரி யாராவது கிடைப்பாரா என்று கேளுங்கள். கிடைத்தால் இந்தச் சேவைக்கு என் மதிப்பெண் 5-க்கு 4, இல்லாவிட்டால் 2.