அம்பாசிடருக்கு சீட் கவர் மாத்தக் குடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிட்டுப் போங்க

கடை பேரு கேட்டு யாரும் மெசேஜ் பண்ணாதீங்க, கன்ஸ்யூமர் கோர்ட்ல கம்ப்ளைன்ட் போட்டிருக்கேன், அது முடியட்டும். பழைய வண்டி வச்சிருக்கவங்க என்னென்ன பாக்கணும்னு மட்டும் சொல்லிடுறேன்.

அப்பாவோட மார்க் 4 அம்பாசிடர், முன்னாடி பெஞ்ச் சீட்டு (ஒரே நீளமா வர்றது), ஸ்டியரிங்லயே கியர். ரெக்சின் வெயில்ல காஞ்சு விறைச்சுப் போயி பைப்பிங் (ஓரத்துல கயிறு மாதிரி வர்ற தையல்) ஓரமெல்லாம் வெடிச்சிருச்சு, உள்ள இருந்து தேங்கா நாரு வெளிய வந்து உக்காந்து எந்திரிச்சா வேட்டியெல்லாம் நாரு. ஆனா ஸ்பிரிங் ஒண்ணு கூட தொங்கல. அதனால மேல் கவர் மட்டும் மாத்துனா போதும், பழைய பட்டைத் தையல் அப்படியே வரணும்னு தெளிவா சொல்லித்தான் வண்டிய விட்டேன். சாம்பிள் புக்க காட்டுனாங்க, நல்ல கனமான ரெக்சின், பின்பக்கம் நெய்த துணி, அதத்தான் ஓகே பண்ணேன்.

மறுநாளே போனு. "சார், உள்ள கயர், அதான் தேங்கா நாரு, எல்லாம் மக்கிப் போச்சு, இதுமேல கவர் போட்டா ஆறு மாசம் கூட நிக்காது, 40 டென்சிட்டி ஃபோம் போட்டுத் தர்றோம், மெத்துன்னு இருக்கும்"னாரு ஓனர். எக்ஸ்ட்ரா ரேட்ட வாட்ஸ்அப்ல அனுப்புனாரு, 40 டென்சிட்டின்னு அதுலயே எழுதியிருந்துச்சு. இப்ப அந்த மெசேஜ்தான் என் கையில இருக்க ஒரே பிடி.

வண்டி வந்தப்ப பாக்க பளபளன்னு இருந்துச்சு, பட்டைத் தையல் கேட்டதுக்கு டைமண்ட் தையல் போட்டு கல்யாண மண்டப சோபா மாதிரி ஆக்கி வச்சிருந்தாங்க, அது வேற கதை. ஓட்டிப் பாத்தாதான் விஷயம் தெரிஞ்சுது. சீட்டு ரெண்டு இஞ்ச் ஏறிடுச்சு, அம்பாசிடர் ஸ்டியரிங் சைஸ் தெரியும்ல, தொடையில உரசுது, கிளட்ச்ச மிதிக்க காலத் தூக்குனா இடிக்குது. "போகப் போக அமுங்கிடும் சார்"னாங்க. அமுங்குச்சுய்யா, ஒரே கோடைக்குள்ள நடுவுல குழி விழுந்து பழைய உயரத்துக்கும் கீழ போயிடுச்சு!

அப்புறம் ஒரு நாள் பின் சீட்டு குஷன தூக்கிப் பாத்தேன். ஃப்ளோர் மேட் பூரா மஞ்சத் தூளு. பழைய சீட்டுல ஸ்பிரிங்குக்கு மேல ஒரு சாக்கு விரிச்சிருப்பாங்க, அதுக்கு மேல ரப்பர் பால்ல ஒட்டுன கயர் பேடு, அதுக்கும் மேல பஞ்சு, அப்புறம்தான் ரெக்சின். அந்த சாக்கு சும்மா கிடக்குறது இல்ல, ஸ்பிரிங் கம்பி மேல இருக்கறத அறுக்காம தாங்குறதே அதுதான். இவனுங்க சாக்கையும் தூக்கிட்டு கயரையும் தூக்கிட்டு ஃபோம நேரா ஸ்பிரிங் மேலயே சொல்யூஷன் தடவி ஒட்டி வச்சிருக்கானுங்க, ஒவ்வொரு குலுக்கலுக்கும் கம்பி அதை அரைச்சுக்கிட்டே இருந்திருக்கு.

40 டென்சிட்டின்னா ஒரு கனமீட்டர் ஃபோம் 40 கிலோ இருக்கணும், அவ்வளவுதான் கணக்கு. அடியில ஒரு அடிக்கு ஒரு அடி, நாலு இஞ்ச் கனத்துல ஒரு துண்டு அறுத்தேன். கணக்குப்படி 375 கிராமுக்கு மேல வரணும். மளிகைக் கடை தராசுல வச்சா 190! பாதி டென்சிட்டி. கடை அண்ணாச்சியே சிரிச்சிட்டாரு.

ரெக்சினும் சாம்பிள்ல பாத்தது இல்ல. சீட்டுக்கு அடியில மடிச்சு கிளிப் அடிச்ச இடத்துல ஓரத்தப் பிரிச்சுப் பாருங்க, பின்பக்கம் நெய்த துணியா பனியன் துணியான்னு தெரிஞ்சிடும். பனியன் துணி ஒட்டுன ரெக்சின் இழுவை குடுக்கும், புது சீட்டுல வளைவுக்கு சுலபமா உக்காரும், அதுக்குத் தப்பு சொல்லல, ஆனா கம்மி கனத்துல அதைப் போட்டு பழைய ஸ்பிரிங் சீட்டுல இறுக்கி இழுத்தா தையல் ஓட்டையெல்லாம் நீண்டு வாய் பொளந்துக்கும். என் சீட்டுல பைப்பிங் ஓரம் பூரா அந்த லட்சணம்தான்.

போயிக் கேட்டேன். பழைய கயரக் குடுங்கன்னா வேலை பாக்குற தம்பி "அண்ணே, அது அழுக்கு சாக்கு, அன்னைக்கே தூக்கிப் போட்டாச்சு"ங்கறான். ஓனர் பில்லே போடலன்னு நிக்கிறாரு. ஜிபே ரெக்கார்டும் வாட்ஸ்அப்பும் போதும்னு வக்கீல் சொன்னாரு. முதல்ல கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணிப் பாத்தேன், கடை ஓனர் பதிலே தரல, அப்புறம்தான் மாவட்ட கன்ஸ்யூமர் கமிஷன்ல போட்டது. குடுத்த காசு அஞ்சு லட்சத்துக்குள்ளன்னா அங்க ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருசத்துக்குள்ள போடணும்.

குடுக்குறவங்க சீட்டப் பிரிக்கும்போது பக்கத்துலயே நில்லுங்க, முடியலன்னா பிரிச்ச உடனே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. சாம்பிள் துண்டு ஒண்ணு வெட்டி வாங்கி பர்ஸ்ல வச்சுக்கோங்க. கழட்டுன கவர், கயர், சாக்கு எல்லாத்தையும் மூட்டை கட்டி வண்டியிலயே போடச் சொல்லுங்க. பழைய கவரப் பிரிச்சு வச்சுத்தான் புதுசுக்கு அளவு வெட்டுவாங்க, அது தொலைஞ்சா அடுத்த கடைக்காரருக்கு அளவே கிடையாது. நான் இப்ப மாட்டிக்கிட்டு நிக்கிறது அதுலதான்.

இன்னொரு கோவம் என்னன்னா ஃபோமு உக்காரணும்னு முன் சீட்டு ஸ்பிரிங்கோட ஓரக் கம்பிய வெட்டிட்டானுங்க. யாராவது ஸ்கிராப்ல மார்க் 3, மார்க் 4 பெஞ்ச் சீட்டு பிரேமோட பாத்தா கமெண்ட்ல சொல்லுங்க. சென்னையில பழைய வண்டி பார்ட்ஸ் விக்கிற புதுப்பேட்டை பூரா சுத்திட்டேன், அங்க கிடக்குறதெல்லாம் பக்கெட் சீட்டு (ஆளுக்கு ஒண்ணா தனித்தனி சீட்டு) வண்டிங்க.