‘சாலிட் ஓக்’ என்று சொல்லி எம்.டி.எஃப். பலகையைத் தலையில் கட்டுகிறார்கள், உஷார்

லண்டன் பக்கம் ஓக் மேசை, கட்டில் என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். நாங்கள் வாங்கிய, ஆறு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசையும் நாற்காலிகளும் 1,450 பவுண்டு. "முழுக்க சாலிட் ஓக், உங்கள் பேரப்பிள்ளைகளும் இதில்தான் சாப்பிடுவார்கள்" என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். வந்து சேர்ந்ததோ ஓக் வெனீர் (மெல்லிய மரத்தோல்) ஒட்டிய எம்.டி.எஃப். பலகையும் (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்தது) ரப்பர் மரக் கால்களும்.

ஓக் மேல் ஆசை வருவது இயல்புதான். வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலின் கூரை 1390களில் ஓக்கில் கட்டியது. நடுவில் பழுது பார்த்திருந்தாலும் இன்றைக்கும் நிற்கிறது. அந்தக் கனம், தேன் நிறம், வாகு பார்த்து அறுத்த பலகையில் குறுக்கே ஓடும் வெள்ளி மினுக்கு எல்லாம் தேக்குப் பார்த்து வளர்ந்தவர்களையும் மயக்கும். சில கடைகளுக்குப் பிழைப்பே அந்த மயக்கத்தில்தான்.

பூச்சாடியில் கசிந்த தண்ணீர் ராத்திரி முழுக்க மேசை ஓரத்தில் நின்றிருக்கிறது. காலையில் ஓரம் உப்பி, மேல்தோல் கிளம்பியிருந்தது. நகத்தால் நெம்பினால் காகிதத்தைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். அடியில் ஊறிப்போன பழுப்புத் தூள். அசல் ஓக் தண்ணீரில் கறை பிடிக்கும், கொஞ்சம் வளையும். இப்படி மாவாக உதிராது.

அப்புறம்தான் மேசையின் விளிம்பை உற்றுப் பார்த்தோம். முழுப் பலகை என்றால் மேலே நீளவாக்கில் ஓடும் ரேகை தலைப்பக்கத்தில் வெட்டுப்பட்டு, வளையங்களின் வில் வில்லான துண்டுகளாகத் தெரிய வேண்டும். எங்கள் மேசையில் நான்கு பக்கமும் ரேகை பக்கவாட்டில் நீளமாக ஓடுகிறது. சுற்றிலும் வெனீர்ப் பட்டை ஒட்டி மறைத்திருக்கிறார்கள். மேலே பார்த்தால், ஒரே ரேகைக் கோலம் சாண் இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறது. எந்த மரமும் அப்படி வளராது.

கால்களின் சாயத்தை அடிப்பக்கம் சுரண்டினேன். வெளிறிய மரம், துண்டு துண்டாக விரல் கோத்த மாதிரி ஒட்டியிருந்தது. கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் மர மில் வைத்திருக்கும் மாமாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். "மக்களே, இது நம்ம ரப்பர் தடியில்லா? இதுக்கா இவ்வளவு ரூவா குடுத்த?" என்று சிரித்தார். பால் குறைந்த மரத்தை 25, 30 வருடத்தில் வெட்டி மருந்தேற்றி அறுப்பது அவருக்கு அன்றாட வேலை. ரப்பர் மரமும் மோசமில்லை, வெனீரும் மோசமில்லை. அதற்கான விலைக்கு, அந்தப் பெயரிலேயே விற்றால் யார் கேட்கப் போகிறார்கள்?

பார்க்க வந்த தச்சர் கம்பி நாரை வினிகரில் ஊறவைத்த தண்ணீரைத் தொட்டு வைத்தார். ஓக்கில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம், இரும்பு பட்டால் கறுக்கும். கால் அப்படியே இருந்தது. மேல்பலகை கறுத்தது, ஏனென்றால் தோல் மட்டும் அசல் ஓக். ஆகவே இந்தச் சோதனையை மேல்பலகையில் செய்து பார்த்து ஏமாறாதீர்கள்.

கடையில் கேட்டால், "ஓக் டைனிங் செட் என்றுதானே ரசீதில் இருக்கிறது? மேலே இருப்பது ஓக்தானே?" என்று ஒரு பதில். "30 நாள் தாண்டிவிட்டது" என்று இன்னொன்று. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சொன்ன வர்ணனைக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும். 30 நாளுக்குள் என்றால் நேரடியாகத் திருப்பிக் கொடுக்கலாம். தாண்டினாலும் கடை சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் மாற்றித் தர வேண்டும். அதுவும் நடக்காவிட்டால் பணத்தைக் கேட்கலாம். முதல் ஆறு மாதத்தில் வெளிப்படும் குறை ஆரம்பத்தில் இல்லை என்று காட்ட வேண்டியது கடையின் பொறுப்பு.

நல்லவேளை, "100% சாலிட் ஓக்" என்று விற்பனையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை மனைவி வைத்திருந்தாள். பேங்க் டிரான்ஸ்ஃபர் செய்தால் தள்ளுபடி என்றார்கள். ஆனாலும் முன்பணம் 200 பவுண்டை கிரெடிட் கார்டில் கட்டியிருந்தோம். விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000க்குள் இருந்து, ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவில் முழு விலைக்கும் கார்டு நிறுவனமும் பொறுப்பு. டெபிட் கார்டுக்கு இது கிடையாது.

கார்டு நிறுவனம் தச்சரின் அறிக்கையைக் கேட்டிருக்கிறது, அனுப்பிவிட்டோம். பணம் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.